தெற்கு இறக்கையில் ஒரு கல்யாணம்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடற்கரை ரோட்டில் போட்டோ எடு, மஞ்சள் சுவருக்கு முன்னால் நில்லு என்றார்கள். இரண்டு பேர் காதோரம் வந்து வேறொன்று வாங்கி வரச் சொன்னார்கள். நான் போனதோ கடல் பக்கமே இல்லை. பாகூர் ஏரிக்கு மேற்கே, நெல்லும் கரும்புமாகக் கிடக்கிற ஒரு கிராமத்துக்கு. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சம்பந்தி வீட்டார் படித்தால் வம்பு எனக்குத்தான்.

போன காரியம் என் அண்ணன் மகள் ஜெனியின் கல்யாணம். அண்ணனும் மதினியும் போய்ச் சேர்ந்த பிறகு நான் வளர்த்த பிள்ளை. பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை பிரவீனுக்குத் திருபுவனையில் கம்பெனி வேலை. ஷிப்டு முடிந்து பைக்கில் வரும்போது லாரியில் மோதி, தொடை எலும்பு முறிந்து அவள் வார்டில் வந்து படுத்தவன். கட்டுப் பிரிப்பதற்குள் என் மருமகளின் மனசைக் கட்டிவிட்டான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை, தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் பங்குக் கோயிலில்தான் கல்யாணப் பூசை நடக்கும். தூத்துக்குடியில் எங்கள் கோயிலை இடித்துக் கட்டுகிறார்கள், பூசையெல்லாம் தகரக் கொட்டகையில். அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் பிறந்துவிடும், அப்புறம் கிறிஸ்துமஸ் முடிகிறவரை கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆகவே மாப்பிள்ளையின் ஊரில், புதன்கிழமை என்று முடிவானது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய பள்ளிக்கூடம், பழைய ஆஸ்பத்திரி என்று கூரையைப் பார்த்துப் பார்த்தே காலம் போய்விட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் வாங்க என்று சொல்கிறவரின் முகத்துக்கு முன்னால் அவர் வீட்டுத் தளத்தைப் பார்த்துவிடுவேன். பயப்படுவது எனக்கு உத்தியோகம், இப்போது பென்ஷனும் அதற்குத்தான் வருகிறது.

ஞாயிறு காலை பாண்டிச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கியபோது நல்ல மழை. கண்டக்டர் "பாவூர், பாவூர்" என்று கூவியது பாகூரைத்தான் என்று தெரியாமல் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு, நனைந்த கண்ணாடியோடு மடுகரைப் பஸ்ஸில் ஏறித் தொலைத்தேன். அது வில்லியனூரைச் சுற்றிக்கொண்டு எங்கேயோ போயிற்று. தமிழ்நாடு அன்புடன் வரவேற்கிறது என்றது ஒரு பலகை. தேநீர் ஆறுவதற்குள் புதுச்சேரி வரவேற்றது. மறுபடி தமிழ்நாடு. எங்கள் ஊரில் ஒரு மாவட்ட எல்லையைத் தாண்டவே அரை நாள் ஆகும். இங்கே பாஸ்போர்ட் இல்லாமல் நான்கு முறை வெளிநாடு போய் வந்துவிட்டேன்.

"இன்னாக்கா, பாவூருக்கு இந்தாண்ட வந்துட்டீங்க?" என்று மடுகரையில் ஷேர் ஆட்டோக்காரர் சிரித்தார். பின் சீட்டில் இரண்டு அம்மாக்கள், ஒரு வாழைத்தார், என் பெட்டி, நான். அந்த அம்மாக்கள் யாரோ ஒரு மருமகளைப் பற்றி வழி முழுக்கப் பேசினார்கள். "சோத்த வடிக்கத் தெரியல, ஆனா போன்ல படம் புடிக்கத் தெரியுது" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. ஜெனிக்கும் சோறு வடிக்கத் தெரியாது.

பூசைக்கு நடுவில்தான் கோயிலுக்குள் நுழைந்தேன். நல்லவேளை, ஓலை இன்னும் வாசிக்கவில்லை. ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். எங்களுக்கு அன்று மூன்றாம் ஓலை. வாசித்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பாடா என்று முந்தானையை உதறினேன். வெள்ளைப் புடவையில் மஞ்சள் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். மரத்தூள். உளுத்த மரம் உதிர்க்கிற தூள்.

தலையைத் தூக்கினேன். தடை சொல்ல வேண்டியவள் நானேதானோ என்று தோன்றியது.

அழகான கோயில், அதையும் சொல்ல வேண்டும். முகப்பில் இரண்டு குட்டைக் கோபுரம், நடுவில் கூர் வளைவு, ரோஜாப்பூப் போலச் சிவப்பும் நீலமுமாக ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே இரண்டு வரிசைத் தூண். மேலே சுவருக்குச் சுவர் போட்ட பெரிய தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் சிறு சட்டங்கள், அதன்மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பூசிய கட்டைக்குத்துத் தளம். பீடத்துக்கு நேர் முன்னால் இருந்த உத்தரத்துக்கு அடியில்தான் நான் நின்றிருந்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் முழங்காலிடப் போகிற இடமும் அதுதான்.

பூசை முடிந்ததும் சம்பந்தி சவரிமுத்து வந்து கும்பிட்டார். கறுத்து, இறுகி, சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார். குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவர். "பஸ்ஸு மாறி பூட்டீங்களாமே, ஒரு போன் பண்ணியிருந்தா வண்டிய எடுத்தாந்திருப்பன் இல்ல" என்று கடிந்துகொண்டார். குட்டியானையில்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஏரி விரால் குழம்பு, வடகம் தாளித்து, தேங்காய் இல்லாமல். கடல் மீன் தின்று வளர்ந்தவளுக்கு ஏரி மீனில் சேறு வாசம் அடிக்கும் என்று பயந்தேன். அடிக்கவில்லை. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன்.

சாப்பிட்டதும் உள் அறைக்குக் கூப்பிட்டு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் திறந்தார். சரவிளக்கு. பித்தளைக் கிளைகளும் கண்ணாடித் தொங்கல்களுமாக, ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அகலம். பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் நடந்து கோயிலுக்குள் வந்தால் பீடத்துக்கு முன்னால் விளக்குப் போடுகிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டாராம்.

"நாளைக்கு மாட்டிடுவாங்க. கீழ பசங்க முட்டி போடணும், மேல இது எரியணும்" என்றார்.

"எந்த உத்தரத்துல மாட்டுறாங்க, சம்மந்தி?"

"பீடத்துக்கு முன்னாடி இருக்குது பாருங்க, அதுல."

பாயசம் கொண்டு வந்தார்கள். வேண்டாமென்று தள்ளி வைத்தேன்.

திங்கள் காலை முதல் வேலையாகக் கோயிலுக்குப் போனேன். சாமியார் சின்னப் பையன், வேறு ஊரிலிருந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கோயில் பார்க்க வந்தேன் என்றதும் சந்தோஷமாகச் சுற்றிக் காட்டினார். பீடத்துக்கு முன்னால் தரையில், கோயிலைக் கட்டத் தொடங்கிய வெள்ளைக்காரச் சாமியின் கல்லறை, பிரெஞ்சு எழுத்து தேய்ந்து கிடந்தது. அவர் நடுக்கூடத்தைக் கட்டியதோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்து வந்தவர் கோபுரம் வைத்தார், அதற்கடுத்தவர் சிலுவையின் கைகள் மாதிரி இரண்டு பக்கமும் இறக்கை கட்டினார். வடக்கு இறக்கை கன்னியாஸ்திரிகளுக்கும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளுக்கும். தெற்கு இறக்கைக்குத் தனி வாசல், கொஞ்சம் குட்டையான வாசல். அதற்கு முதலில் ஓட்டுக் கூரைதானாம், ஒரு புயலில் பறந்துபோக, பிறகு வந்த சாமி இரும்புத் தூலம் போட்டுத் தளம் ஒட்டினாராம். பெஞ்சுகூட இல்லை, வெறும் தரை.

"இந்தப் பக்கம் யாருக்கு, ஃபாதர்?"

"அது... அந்தக் காலத்துல ஒரு வழக்கம்" என்று சொல்லிவிட்டு என்னைக் கோபுரத்து மணியைக் காட்டக் கூட்டிப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. என் புத்தி முழுக்க உத்தரத்தில் இருந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் பலித்தால் கோயிலுக்கு ஏதாவது செய்துவிடுவார்கள். வேலை கிடைத்தால் மின்விசிறி. பிள்ளை பிறந்தால் டியூப்லைட். உத்தரத்துக்கு உத்தரம் விசிறி, ஒவ்வொன்றிலும் உபயம் இன்னார் என்று பெயர். திருபுவனையில் கம்பெனிகள் வந்த பிறகு விசிறிகள் பெருகிவிட்டன போலிருக்கிறது, மாதா குளிரில் நடுங்குகிற அளவுக்குக் காற்று. இன்னொருவர் மழை ஒழுகாமல் இருக்கத் தளத்தின் மேலே சிமென்ட் ஓடு பதித்திருந்தார், அந்தக் கனம் தனி. இன்னொரு குடும்பம் சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசி, ஆள் உயரத்துக்குப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, கருங்கல்லில் பெயர் பொறித்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்டைப் பூசினால் வாயைப் பொத்திய மாதிரி. ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறும், ஏறி உத்தரத்தின் நுனியில் போய் உட்காரும். இத்தனை பேர் ஆசை ஆசையாய்ச் செய்ததெல்லாம் சேர்ந்து அந்தக் கோயிலைத் தின்றுகொண்டிருந்தது.

டைல்ஸ் குடும்பத்தின் பெரியவரை அங்கேயே பார்த்தேன். ஞானப்பிரகாசம் என்று பெயர், ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர் வீட்டுடையது. மழையென்றும் பாராமல் காலைப் பூசைக்கு வந்து, முன்வரிசையில் தன் வீட்டு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்வதில்லையாம். "தூத்துக்குடியா? உப்பு ஊரு" என்றார் என்னிடம். அவ்வளவுதான் பேச்சு.

எலக்ட்ரீஷியன் ஏணி போட்டுச் சரவிளக்குக்குக் கொக்கி மாட்ட ஏறிக்கொண்டிருந்தார். சாமியாரிடம் விஷயத்தைச் சொல்லி, எலக்ட்ரீஷியனைக் கொஞ்சம் இறங்கச் சொல்லி, நானே ஏறினேன். ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான். வயசும் இருக்கிறது, உடம்பும் இருக்கிறது. சுவரில் உத்தரம் நுழைகிற இடத்தில் அவருடைய நீளத் திருப்புளியை வைத்து அழுத்தினேன். தேக்கில் திருப்புளி நுழையாது. அது அல்வாவில் போவது மாதிரி பிடிவரை போய்விட்டது. உருவியபோது ஈரத் தூள் கூடவே வந்தது.

கீழே வந்து சாமியாரிடம் காட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார். "மேடம், இப்ப விழுமா?" என்றார்.

"தெரியாது, ஃபாதர். நாளைக்கும் விழலாம், பத்து வருஷம் நின்னாலும் நிக்கும். மேலே மழைத் தண்ணி ஊறி இருக்கு. அதுல இன்னொரு கனத்தைத் தொங்க விட்டு, கீழே பிள்ளைங்களை நிறுத்த என்னால முடியாது."

அந்த நேரம் பார்த்துச் சவரிமுத்து வந்தார். கூட அவர் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், விளக்கு ஏறுவதைப் பார்க்க. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூளைக் காட்டினேன். அவர் தூளைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். வெளியே பந்தல் போடலாமா என்று சாமியார் இழுத்தார், மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்க் கோயில்களிலும் இந்த வாரமெல்லாம் கல்யாணம். எனக்குப் பரபரப்பு. ஒரு வழி சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"நடுவுல வேண்டாம், சம்மந்தி. உங்களுக்குத் தெற்கு இறக்கைதான் சரி. அங்க வச்சுக்கோங்க" என்றேன்.

சவரிமுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை அதில். திரும்பி நடந்து வெளியே போனார், குட்டியானை கிளம்புகிற சத்தம் கேட்டது. சொந்தக்காரர்களில் ஒரு அம்மா போகிற போக்கில் பக்கத்து அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பாத்தியா, பொண்ணு வூட்டுக்காரங்களே நம்மள தெக்கால தள்றாங்க."

மத்தியானம் எனக்குச் சாப்பாடு தூக்குச்சட்டியில் வந்தது. சம்பந்தி வீட்டார் எனக்கு எடுத்துத் தந்திருந்த அறைக்கே. முந்தின நாள் பக்கத்தில் உட்காரவைத்துப் பரிமாறியவர்கள். ஜெனி பாண்டிச்சேரியிலிருந்து ஓடி வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து.

"அத்தே, என்ன சொன்னன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"ஏட்டி, கூரை உறுதியா இருக்கிற இடத்தைச் சொன்னேன். அதுல என்ன?"

அவள் சொன்னாள். அவளுக்குப் பிரவீன் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்தில் நடுக்கூடம் நிலக்காரக் குடும்பங்களுக்கு. கூலி வேலைக்காரர்கள், சேரிக்காரர்கள், தெற்கு இறக்கையில் அந்தக் குட்டை வாசல் வழியாக வந்து நின்றுவிட்டு அப்படியே போய்விட வேண்டும். நற்கருணைகூட அங்கே நின்றுதான். சவரிமுத்துவின் அப்பா சாகிறவரை தூணைத் தாண்டி வந்ததில்லை. சட்டம் எல்லாம் எப்போதோ போய்விட்டது, சாமியார்கள் மாற்றிவிட்டார்கள், இப்போது யாரும் எங்கும் உட்காரலாம். ஆனாலும் தெற்கு இறக்கை காலியாகத்தான் கிடக்கிறது. ஒருவரும் அதற்குள் போக மாட்டார்கள்.

"அவர் அந்த விளக்கை நடுக்கூடத்துல போடணும்னு ஏன் இத்தனை பிடிவாதமா இருந்தாருன்னு புரியுதா? நீ போயி உங்களுக்குத் தெற்குதான் சரின்னு சொல்லிட்ட. நாம சாதி பாத்துச் சொல்றோம்னு அவங்க வீட்டுல பேசுறாங்க. பிரவீன் போனை எடுக்கல."

கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். உத்தரத்தைப் பார்த்தேனே தவிர, எதிரே நின்ற மனுஷனைப் பார்க்கவில்லை. அந்தச் சாமியாரும் அந்தக் காலத்துல ஒரு வழக்கம் என்று விழுங்காமல் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய ஆத்திரம் வந்தது. கல்யாணம் நின்றுபோனால் இந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பேன். நடந்தாலும் இவள் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள். அதே சமயம், இப்போது நான் பயந்து, சரி நடுவிலேயே நடத்துங்கள் என்று சொல்லி, அந்த உத்தரம் இறங்கினால்? இரண்டு பக்கமும் இடி. தூக்குச்சட்டிச் சோறு அப்படியே இருந்தது.

செவ்வாய் காலை சவரிமுத்து வீட்டில் இல்லை. கரையாம்புத்தூருக்கு லோடு ஏற்றிப் போயிருப்பதாக அவர் மனைவி வாசலில் நின்றே சொன்னார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யாராவது லோடு அடிப்பார்களா? கோபம்தான்.

ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு ரோட்டில் தண்ணீர். ஆட்டோ நடுவில் நின்றுவிட்டது. "எறங்குங்கக்கா, கொஞ்சம் தள்ளணும்" என்றார் ஓட்டுனர். முழங்கால் தண்ணீரில், மறுநாளைக்குப் பட்டுப் புடவை எடுத்து வைக்கவேண்டிய நாளில், முன்பின் தெரியாத இரண்டு கரும்பு வெட்டுகிற ஆட்களோடு சேர்ந்து ஆட்டோ தள்ளினேன். "பெரியம்மா நல்லாத் தள்றாங்கடா" என்றான் ஒருவன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கரையாம்புத்தூர்க் கடைத்தெருவில் குட்டியானை நின்றது. அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நனைந்த புடவையோடு எதிரே போய் நின்றேன். கடைக்காரர் கேட்காமலே எனக்கும் ஒரு டீ வைத்தார்.

"சம்மந்தி, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. நான் இரும்புத் தூலத்தை மட்டுந்தான் பாத்தேன். மன்னிச்சிருங்க."

அவர் டீயை ஆற்றினார். "பாப்பா சொல்லிச்சு. நீங்க தெரியாம சொன்னீங்கன்னு" என்றார். பாப்பா என்றது ஜெனியை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா கேட்டப்ப எங்கப்பன நெனச்சிக்கினன். மழ பெஞ்சா தெக்கால ஒழுவும். ஓடு எல்லாம் ஒடஞ்சி. நனஞ்சிக்கினே நிப்பாரு. நான் சின்னப் புள்ள, இடுப்புல இருப்பன்" என்றார்.

என் டீக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது வண்டியில் முன்னால் ஏற்றிக்கொண்டார். எல்லைப் பலகைகள் ஒவ்வொன்றாக எங்களை வரவேற்றன. பாகூர் ஏரிக்கரை வந்தபோது வண்டியை ஓரம் கட்டினார். ஏரி ததும்பி நின்றது.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுங்க. அந்த உத்தரம் நெசமாவே கெட்டுப் பூடுச்சா?"

"கெட்டுப் போச்சு."

"தெக்கால தளம் உறுதியா? இந்த வெளக்கு தாங்குமா?"

"ஊருக்கே விளக்கு மாட்டினாலும் தாங்கும். புயலுக்கு அப்புறம் போட்டது. இரும்புக்கு ஒண்ணும் ஆகலை. கோயில்லயே இப்ப உறுதியான இடம் அதுதான்."

"கோயில்லயே?"

"ஆமா, சம்மந்தி. மத்ததெல்லாம் எனக்குப் பயமாத்தான் இருக்கு."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். அழுகையா, சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. "அப்ப வெளக்க அங்க மாட்டலாம்" என்று வண்டியை எடுத்தார். "வர்றவங்க எல்லாரும் அங்கதான் வரணும். தெக்கு வாசலாலதான் வரணும். யாரா இருந்தாலும்."

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் முணுமுணுத்துக்கொண்டே ஏணியைத் தெற்கே கொண்டுபோனார். நடுக்கூடத்துக்குக் குறுக்கே சாமியார் கயிறு கட்டினார். தெற்கு வாசல் வழியாக வரவும் என்று பெரிய கதவிலும் தாள் ஒட்டியாகிவிட்டது. அவருக்கு ஊரை நினைத்துத்தான் கவலை. "மேடம், பெரிய வீட்டுக்காரங்க எல்லாம் தெற்குப் பக்கம் வருவாங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும். நான் வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. பிரவீன் போனை எடுத்துவிட்டான், அது போதும் எனக்கு.

புதன் காலை மழை விட்டிருந்தது. தெற்கு வாசலில் மாவிலையும் தென்னங்குருத்தும் கட்டியிருந்தார்கள். பீடத்திலிருந்து ஒரு மேசையை இறக்கைக்குள் கொண்டுவந்து வெள்ளை விரிப்புப் போட்டிருந்தார்கள். பெஞ்சு ஒன்றும் இல்லை. "யாருக்கும் வேணாம்" என்று சவரிமுத்து சொல்லிவிட்டார். விளக்கு எரிந்தது. இரும்புத் தூலம் தாழ்வாக இருந்ததால் விளக்கும் தாழ்ந்து, எல்லாருடைய முகமும் தெரிகிற வெளிச்சமாக இருந்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சேரிப் பக்கத்துச் சனம் முதலில் வாசலில் தயங்கியது. வயசான ஒரு அம்மா வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நுழைந்தார். பிறகு மளமளவென்று எல்லாரும். திருபுவனைக் கம்பெனிப் பையன்கள், ஜெனியின் ஆஸ்பத்திரித் தோழிகள், இந்து உறவுமுறைகள். நிலக்காரக் குடும்பங்களிலும் சிலர் வந்தார்கள், குட்டை வாசலில் குனிந்து. சிலர் வெளியே குடையோடு நின்றுவிட்டார்கள். நான் தலைகளை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருகைப் பாட்டு ஆரம்பிக்கிற நேரம். நடுக்கூடத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். பெரியவர் ஞானப்பிரகாசம் பெரிய கதவு வழியாகவே வந்து, கயிற்றைத் தாண்டி, தன் நாற்காலியில், அந்த உத்தரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன்.

"ஐயா, இங்க இருக்கக் கூடாது. மேலே மரம் உளுத்துப் போயிருக்கு."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்குதும்மா. இங்கேர்ந்தே பூசை தெரியுது. நீ போ."

சாமியார் பூசை உடுப்போடு வந்து கெஞ்சினார். "எனக்கு ஒண்ணும் ஆவாது, ஃபாதர்" என்று பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். செத்தாலும் சாவார், தெற்கே வர மாட்டார் என்று தெரிந்துபோயிற்று. பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். இறக்கையில் இருந்த அத்தனை பேரும் தூண்களுக்கு இடையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சவரிமுத்து மகனின் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தார். புதுப் பட்டு வேட்டி. கயிற்றுக்கு வெளியே நிற்கவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அந்த உத்தரத்துக்குக் கீழே, பெரியவர் முன்னால் நின்றார். எனக்கு இரண்டு பேரையும் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

"ஐயா, எழுந்து வாங்க."

பெரியவர் கண்ணைத் திறந்தார். "அங்க வந்து நான் எங்கடா ஒக்கார்றது?"

"யாரும் ஒக்காரலீங்க. எல்லாரும் நின்னுக்கினுதான் இருக்காங்க."

"நான் வரலன்னா?"

"நானும் இங்கயே நிக்கறன். பூசை ஆரம்பிக்கட்டும். என் புள்ள கல்யாணத்த இங்கேர்ந்தே பாக்கறன். மரம் உழுந்தா நம்ம ரெண்டு பேர் மேலயும் உழட்டும்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. லோடு எங்கே இறக்குவது என்று கேட்கிற குரல்தான். பெரியவர் அவரைப் பார்த்தார், மேலே உத்தரத்தைப் பார்த்தார், பிறகு தெற்கே கூட்டத்தைப் பார்த்தார். நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்தார். சவரிமுத்து நாற்காலியைத் தொடவில்லை. அது அங்கேயே கிடந்தது.

பெரிய கதவுப் பக்கம் திரும்பப் போனவரை, "இப்பிடியே வாங்க, தூண் வழியா" என்று கூட்டி வந்தார். எந்தத் தூண்களைச் சவரிமுத்துவின் அப்பா தாண்டவில்லையோ அதே தூண்கள் வழியாக, மறுபக்கமாக.

பூசை நடந்தது. ஜெனியும் பிரவீனும் சம்மதம் சொன்னார்கள், தாலி ஏறியது. நான் அழுதேன். ஜெனிக்குத் தெரியும் நான் அழுவேன் என்று, அதனால் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரசங்கத்தின்போது பெரியவரின் கால்கள் ஆடத் தொடங்கின. நிற்க முடியவில்லை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள சுவர் இல்லை, சவரிமுத்து மட்டும்தான் இருந்தார். பெரியவர் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துப் பார்த்தார். கடைசியில் கையை எடுத்துச் சவரிமுத்துவின் தோளில் வைத்தார். சவரிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கால்களை மட்டும் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டார். இறுதி ஆசீர்வாதம் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

பூசை முடிந்ததும் பெரியவரை அவருடைய மகன்கள் வந்து காரில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தலில் சாப்பாடு. பிரியாணி, வெங்காயப் பச்சடி, அந்த ஊர்ப் பழக்கப்படி கடைசியில் ரசம். பாதிப் பந்திக்கு மேல் ஆகியும் பெரிய வீட்டிலிருந்து ஒருவரும் தலைகாட்டவில்லை. சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ரசவாளியோடு வந்தார்.

"பெரியவர் சாப்பிட வரலையா, சம்மந்தி?"

"வர்ல. எங்க வூட்டு சோத்த துன்ன மாட்டாங்க" என்றார் சாதாரணமாக. என் இலையில் ரசத்தை ஊற்றினார். ஊற்றிவிட்டு நகராமல் நின்றார். இடது கையால் தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்கப்பன் சாவற வரிக்கும் அவுங்க வூட்லதான் ஒழைச்சாரு. ஒரு நாளுகூட அவுங்க கை அவர் மேல பட்டதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.